நீலத் தறப்பாளுக்குக் கீழே எடுத்த படம்

எத்தாளைப் பக்கம் கடலில் செத்த ஒருவரின் மையத்து கரையொதுங்கியிருக்கிறது, வந்து படம் எடுக்க வேண்டும் என்று பொலிசிலிருந்து கோல் வந்தது. தில்லையடியிலுள்ள என் ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் போனேன்.

கொளுத்தும் வெயில். மையத்துக்கு மேலே நிழலுக்கு நீலப் பிளாஸ்டிக் தறப்பாள் கட்டியிருந்தார்கள். மீன் தின்று முகம் இல்லை. உடுத்திருந்த சேட்டு மட்டும்தான் அடையாளம். தோடம்பழக் கலர், நல்ல செம்மஞ்சள், என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

நாற்றத்தில் கிட்ட நிற்க முடியவில்லை. வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைச் சரிபார்க்கிற வைட் பெலன்ஸ் ஓட்டோவில் கிடந்ததை மாற்றவில்லை. ஃப்ரேமுக்குள் வைத்து எடுத்தால் பிறகு நிறத்தைச் சரிபண்ணலாம் என்று வாங்கிய கிரே கார்ட் பைக்குள்ளேயே இருந்தது. கல்யாணப் பெண்ணின் சாரியென்றால் வைத்திருப்பேன். பன்னிரண்டு ஃப்ரேம் தட்டிவிட்டு ஓடிவந்தேன். தறப்பாளுக்குக் கீழே விழுந்த வெளிச்சம் முழுக்க நீலம். கண் அதைச் சமாளித்துக்கொள்ளும், கெமரா சமாளிக்கவில்லை. பிரிண்டில் சேட்டு சாம்பலாக வந்தது. அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கொடுக்கும்போது ஸ்டேஷனில் பௌசியா என்ற பெண் இருந்தார். கடலுக்குப் போன கணவர் ஒன்பது நாளாகத் திரும்பவில்லை. கூட வந்த தம்பி பொலிசிடம் சொன்னார்: "ராத்தாவுக்கு மையத்தக் காட்ட வேணாம் சேர். தாங்க மாட்டா. போட்டோவக் காட்டுங்க."

பௌசியா படத்தை வாங்கிப் பார்த்தார். "என்ட மாப்புளட சேட்டு தோடம்பழக் கலர். இது சாம்பல்தானே, நானா?"

நான் பிரிண்டைப் பார்த்தேன். "ஓம் தங்கச்சி, சாம்பல்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நினைத்தால் இன்றும் வெட்கம் தின்கிறது.

கேட்பாரில்லாத பிணமென்று பொது மயானத்தில் புதைத்தார்கள். இரண்டு கிழமை கழித்துத் தகவல் கேட்கப் போன பௌசியாவிடம், பொலிஸ்காரர் ஒருவர் மையத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டு வைத்திருந்த சேட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார். கக்கத்தில் பௌசியா தன் கையால் போட்ட பச்சை நூல் தையல்.

கேள்விப்பட்டதும் பௌசியாவின் வீட்டுக்குப் போனேன். அவர் இத்தாவில், கணவனை இழந்தவள் பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலத்தில் இருந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏசுவார் என்று காத்திருந்தேன். "ரெண்டு கிழமையா அவருக்கும் சேத்துத்தான் சோறாக்கினேன், நானா" என்றார். அவ்வளவுதான்.

புதிதாகக் கெமரா தூக்குகிறவர்களே, கார்டை வையுங்கள், வைட் பெலன்ஸைக் கையால் போடுங்கள். அதைவிட, யாராவது நிறம் கேட்டால் பிரிண்டைப் பார்க்காதீர்கள். கண்டதைச் சொல்லுங்கள். நான் தோடம்பழக் கலரைக் கண்டுவிட்டுச் சாம்பல் என்றேன். ஒரு மனிசனைக் குளிப்பாட்டாமல், தொழுவிக்காமல் மண்ணில் போட்டார்கள்.