சிவப்பு நாக்கு நீட்டும் கேமராவோடு அட்டுவம்பட்டிக்கு

1983 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பழனி பேருந்து நிலையத்தில் தூறல். குடையை விரித்தால் நின்றுவிடுகிற, மடக்கினால் பிடித்துக்கொள்கிற தூறல். கொடைக்கானல் அறுபத்து நான்கு கிலோமீட்டர், கட்டணம் ஆளுக்கு ஆறரை ரூபாய். நானும் மனைவி கமலமும் மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தோம். சாமான்கள் ஐந்து. நான்கை இருக்கைக்கு அடியில் தள்ளினேன். ஐந்தாவதைத் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன். மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் கொடுத்துவிட்டுப் போன ஜப்பான் கேமரா அது.

மலையைப் பார்க்க நாங்கள் போகவில்லை. கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டியில் இருக்கும் என் தங்கை சிவகாமியின் மகள் மல்லிகாவைப் படம் எடுக்கப் போனோம். அவளுக்கு இருபத்தொன்பது வயது; கொடைக்கானலில் ஓர் ஓட்டலில் ரிசப்ஷனில் வேலை. போன வருடம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் அவள் முகத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளையாக்கி, சற்றே எடுப்பான முன்பற்களையும் பென்சிலால் உதட்டுக்குள் மறைத்துவிட்டார்கள். அதை நம்பிப் பெண் பார்க்க மலையேறி வந்த ஒரு குடும்பம், அவளை எதிரில் நிற்கவைத்துக்கொண்டே, "படத்துல வேற மாதிரியில்ல இருந்துச்சு" என்றது. சொல்லிவிட்டு, தட்டில் இருந்த பஜ்ஜியையும் மிச்சம் வைக்காமல் போனது. அன்றிலிருந்து மல்லிகா பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள்: திருத்தாத கலர் படம்தான் போக வேண்டும், அதைப் பார்த்துப் பிடித்தவர்கள் மட்டும் மலை ஏறட்டும்.

இப்போது ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்று பெண் கேட்டிருந்தது. அடுத்த வெள்ளிக்குள் படம் வராவிட்டால் வேறு இடத்தில் பேசி முடித்துவிடுவோம் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தாய்மாமன் நான், பொறுப்பு என்னுடையது.

சைக்கிளோ தையல் மிஷினோ, எது புதிதாக வந்தாலும் அடிவாரத்துப் பிள்ளையார் முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் உபயோகத்துக்கு வரும். கேமராவுக்கும் முந்தின நாள் அது நடந்தது. கமலம் சந்தனத்தைக் குழைத்து, லென்ஸைச் சுற்றி நான்கு பொட்டு தாராளமாக வைத்தாள்.

"கண்ணுல படாம சுத்தித்தாங்க வச்சிருக்கேன். பாருங்க, மூஞ்சி அமைஞ்சிருச்சு" என்றாள்.

சன்னிதித் தெருவில் நல்ல வெயில். நான்கு படம் எடுத்தேன். நான்கு முறையும் 'க்ளிக்' என்றது. நிம்மதியாகத் தூங்கினேன்.

எட்டு மணி பத்து நிமிடம். ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்ததால் பேருந்து நின்றது. பள்ளத்தாக்கில் மூடுபனி அடைத்துக்கிடந்தது. ஒத்திகை பார்க்கலாம் என்று கேமராவைக் கண்ணில் வைத்து அமுக்கினேன். சத்தமே இல்லை. பார்க்கும் துளைக்குள் சிவப்பாக ஒரு நாக்கு மேலே எழும்பி நின்றது. மறுபடி அமுக்கினேன், மறுபடி நாக்கு.

பக்கத்தில் வெறும் சாக்குகளோடு பேத்துப்பாறைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உருளைக்கிழங்கை மார்க்கெட்டில் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்.

"பேட்டரி போயிருக்கும்ங்க. மலை ஏறுனா என் டார்ச்சும் இப்படித்தான் படுத்துக்கிரும்" என்றார்.

திருப்பித் திருப்பிப் பார்த்தோம். பேட்டரி போடும் இடமே அதில் இல்லை.

"பேட்டரியே இல்லாத கேமராவா? அப்ப அது எடுத்ததே பெரிசுங்க" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். கமலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பதரைக்குப் பெருமாள்மலையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். அங்கே சுள்ளென்று வெயில். கடைக்கு வெளியே நின்று அமுக்கினேன். க்ளிக்! மேகம் வந்து மூடியதும் இன்னொரு முறை அமுக்கினேன். நாக்கு. எடுத்தால் எடுக்கிறது, எடுக்காவிட்டால் இல்லை. முழுதாகக் கெட்டுப்போன பொருளைத் தூக்கிப் போடலாம். இதை என்ன செய்வது?

அட்டுவம்பட்டி வீட்டை அடைந்தபோது பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். மல்லிகா இலைப்பச்சைப் புடவையில் தயாராக வாசலில் நின்றிருந்தாள். பூவேலியைத் தாண்டி எதுவும் தெரியாத அளவுக்குப் பனி.

"மாமா, ரெண்டு மணிக்கு டூட்டி. நாளைல இருந்து பத்து நாளைக்கு ஹவுஸ் ஃபுல், லீவே கெடையாது. வெரசா எடுத்துருங்க" என்றாள்.

அமுக்கினேன். நாக்கு. கொல்லையில் நிற்கவைத்து அமுக்கினேன். நாக்கு. குளிரில் உள்ளே எண்ணெய் உறைந்திருக்குமோ என்று அடுப்படிக்குக் கொண்டுபோய்ச் சூடு காட்டினேன். "அண்ணே, அது என்ன அப்பளமா?" என்றாள் சிவகாமி. படச்சுருளைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. திறந்தால் எடுத்தவையும் போய்விடும். பன்னிரண்டேகால். பழனியில் வருடம் முழுக்க வெயிலைத் திட்டிக்கொண்டே பிழைக்கிறவன் நான். அன்று வாசலில் நின்று ஐந்து நிமிட வெயிலுக்காக மனதுக்குள் மன்றாடினேன்.

மல்லிகா, நான் கேமராவைத் தூக்கும்போதெல்லாம் முகத்தைச் சரிசெய்துகொண்டு நின்றாள். நான் இறக்கியதும் புடவை மடிப்பைப் பார்த்தாள். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ, நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்:

"மாமா, எனக்குப் பொட்டு ஒண்ணுதான். உங்க கேமராவுக்கு மட்டும் எதுக்கு நாலு?"

நாங்கள் எல்லாரும் கேமராவின் பின்னால் இருந்தோம். அதன் முகத்துக்கு எதிரே இவ்வளவு நேரம் நின்றவள் அவள் ஒருத்திதான்.

திருப்பிப் பார்த்தேன். லென்ஸைச் சுற்றித் தேன்கூடு போன்ற கண்ணாடி வளையம். அதில் முக்கால்வாசியைக் காய்ந்த சந்தனம் மூடியிருந்தது. "அந்தக் கண்ணாடியில விரல் படக் கூடாதுப்பா, வெளிச்சத்தை அதுதான் அளக்குது" என்று மகன் சொன்னது அப்போதுதான் உறைத்தது. விரலை நான் ஜாக்கிரதையாக விலக்கித்தான் பிடித்திருந்தேன். சந்தனத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல வெயில் என்றால் மிச்சக் கண்ணாடி போதும். பனி வந்தால் ராத்திரி என்று நினைத்துக்கொண்டு கேமரா கதவடைத்துவிடுகிறது.

துண்டின் நுனியை நனைத்தேன். கமலம் கையைப் பிடித்துவிட்டாள்.

"சாமி சந்தனத்தைத் துண்டாலயா துடைப்பீக?"

"அதுக்காக இந்தப் பிள்ள இப்படியே நிக்கட்டுமா?"

"நிக்கச் சொல்லலையே. குடுங்க இங்க."

விரல் நுனியில் தண்ணீர் தொட்டு, நான்கு பொட்டையும் ஒவ்வொன்றாகக் கரைத்து வழித்தாள். கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். வழித்த சந்தனத்தை என்ன செய்வது என்று சுற்றும் முற்றும் பார்த்தவள், நேராகப் போய் மல்லிகாவின் நெற்றியில் இட்டாள்.

"ஐயோ அத்தை, கேமரா வச்ச பொட்டையா எனக்கு வைக்கிறீங்க!" என்று மல்லிகா வாய்விட்டுச் சிரித்தாள்.

அமுக்கினேன். க்ளிக்.

பிறகு எட்டுப் படம் எடுத்தேன், வாயை மூடியபடி, பக்கவாட்டில், நின்று, உட்கார்ந்து. நாக்கு ஒரு தடவைகூட எழும்பவில்லை. மூன்று மணிப் பேருந்தில் பழனிக்கு இறங்கும்போது மலை முழுவதும் பனிக்குள் இருந்தது. ஒன்றையும் பார்க்காமல் கேமராவை மட்டும் பிடித்துக்கொண்டு வந்தேன். கழுவி வரும்வரை க்ளிக் என்ற சத்தத்தை நம்புவதற்கில்லை.

மதுரையில் கழுவிப் பார்த்தபோது, வெளிச்சம் போதவில்லை என்று கேமரா நினைத்துக்கொண்டு கூடுதலாக உள்ளே விட்டதில், பழனியிலும் பெருமாள்மலையிலும் எடுத்தவை வெளுத்துப்போய் இருந்தன. அட்டுவம்பட்டியிலும் வெயில் வந்திருந்தால், சந்தனம் அடைத்த கேமரா அவள் முகத்தை அந்த ஸ்டுடியோக்காரரைவிட வெள்ளையாக்கியிருக்கும். ஒன்பது படங்களில் அவள் தேர்ந்தெடுத்தது முதல் படத்தைத்தான். பற்கள் தெரிய, சந்தனம் ஈரமாக மின்ன, சிரிக்கிற படம். வேண்டாம் என்று சிவகாமி அழுதாள். அதுதான் போனது, வியாழக்கிழமை, என் கையாலேயே ஒட்டன்சத்திரத்துக்கு.

பத்து நாள் கழித்து அவர்கள் மலையேறினார்கள். மாப்பிள்ளை தட்டைத் தொடவில்லை. எழுந்து நின்று, மல்லிகாவைப் பார்த்து ஒரே வாக்கியம் சொன்னார்: "படத்துல இருக்கிற மாதிரியேதான் இருக்கீங்க."

பேருந்து, படச்சுருள், கழுவிய கூலி, ஒன்பது அச்சு, மதுரைக்கும் ஒட்டன்சத்திரத்துக்கும் போய்வந்தது, அடிவாரத்தில் வாங்கிய இருபத்தைந்து காசு சந்தனம் எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு, நூற்று ஐம்பத்து நான்கு ரூபாய் எழுபத்தைந்து காசு.