ஓபராவுக்கு விட்ட இடைவேளை

நேற்று ராயபுரம் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது பிலோமினா அமெரிக்காவிலிருந்து ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். பக்கத்தில் யாரோ பொட்டலம் பிரிக்க, மிளகாய் பஜ்ஜி வாசனை. இரண்டும் சேர்ந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்று சொல்கிறேன்.

பிலோமினா எங்கள் தெருப் பெண். மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்ளலாம். பல வருஷங்களுக்கு முன் அவளுக்கு அமெரிக்காவில் ஓபரா படிக்க இடம் கிடைத்திருந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் அவள் அம்மா லேசில் மசிகிற ஆளா? "மொதல்ல நம்ம சனத்துக்குப் பாடு. சனம் நடுவுல எய்ந்து பூட்ச்சின்னா, திங்கக்கெயம கம்பெனி வேலைக்குப் போய்டணும்" என்றுவிட்டார்.

மாதா கோயில் பங்கு மண்டபத்தில் ஏற்பாடு. பியானோவில் பாதிக் கட்டைகள் உப்புக் காற்றில் ஊமை. நாடகம் அமெரிக்க ஓபரா, ஒரே அங்கம், இருபத்தைந்து நிமிடம். வீட்டுச் சாவியைத் தொலைத்தவள் வாசலில் நின்று புருஷனைத் திட்டுகிறாள், முழுக்கப் பாட்டாகவே. வாய் திறக்காத புருஷன் வேடம் எனக்கு. ஹார்பர் ஆபீஸ் குமாஸ்தா, ஆங்கிலம் தெரிந்தவன் என்று அறிவிப்பாளர் வேலையும் என் தலையில். "ஓபராவில் சண்டையைக்கூடப் பாடுவார்கள்" என்று மைக்கில் அளந்தேன். முன்வரிசை அம்மா ஒருவர், "இன்னா பெரிய விசயம், எங்க தண்ணி லாரிகிட்ட வந்து பாரு" என்றார். என் மானம் கப்பலேறியது.

சண்டையைச் சனம் ரசித்தது. சாவி என் சட்டைப்பையில் அகப்பட்டது, திரை விழுந்தது. அடுத்த நிமிடம் மண்டபம் காலி. பிலோமினா என் தோளில் சாய்ந்து அழுதாள். "எல்லாம் பூட்ச்சிண்ணே." முடிந்தது என்று மைக்கில் அறிவிக்க மறந்த மேதாவியான எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

கால் மணி கழித்து, பஜ்ஜிப் பொட்டலங்களோடு எல்லோரும் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். முடிந்துவிட்டது என்று போய்ச் சொன்னேன். "இன்னா நைனா கலாய்க்கிற? சாவிதான கெட்ச்சிகீது. இன்னும் வூட்டத் தொறக்கலியே" என்றார் அதே அம்மா.

பிலோமினாவின் அம்மா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "ஒருத்தரும் போவல. மீதியப் பாடு" என்றார்.

மீதி ஏது? கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலிலிருந்தே பாடினாள். மறுபடி சாவியைத் தொலைத்த புருஷன் என்று சனம் என்னை வைதது. கடைசியில் அவள் அட்டைக் கதவைத் திறந்து என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். விசில் அடங்க வெகுநேரமாயிற்று.

இன்று அந்த மண்டபம் இல்லை, அங்கே கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. அவள் அம்மாவும் போய்விட்டார். வீடியோவில் அதே ஓபராதான், பாடுவதும் அவள்தான். சாவி கிடைத்தது. அமெரிக்கர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், கோட்டு மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கீழே பிலோமினா எழுதியிருந்தாள்: "ஒருத்தரும் திரும்பி வர்லண்ணே."