இரண்டு கமராவும் ஒரு யன்னலும்

சண்டையால் இடம்பெயர்ந்து, திரும்ப ஊரில் மீள்குடியேறி வந்த புதிதில், கலியாணங்களுக்குப் படம் எடுத்துப் பிழைக்கலாம் என்று நினைத்தேன். எங்கள் கரையோரக் கிராமத்தில் கலியாணப் படம் என்றால் மாதா கோயில் வாசலில், உச்சி வெயிலில், வெள்ளைச் சேலைப் பெண்ணும் கறுப்புக் கோட்டு மாப்பிள்ளையும்தான். பெண்ணுக்கு ஏற்றபடி வெளிச்சம் வைத்தால் மாப்பிள்ளை கரிக்கட்டை. மாப்பிள்ளைக்கு ஏற்றபடி வைத்தால் சேலை சுண்ணாம்பு பூசிய சுவர். இரண்டையும் ஒரே படத்தில் தாங்குகிற கமராதான் எனக்கு வேண்டும். அந்தத் தாங்கும் சக்திக்குப் பெயர் டைனமிக் ரேஞ்ச். விற்கிறவர்கள் அதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள், மெகாபிக்சல் கதைதான் ஓயாமல் அளப்பார்கள். கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

மன்னார் டவுனில் ஸ்ரூடியோ வைத்திருந்த பழைய சினேகிதர், விற்பனைக்கு வந்த பாவித்த கமராக்கள் இரண்டை என் கையில் தந்தார். “வீட்டை கொண்டுபோய் எடுத்துப் பாருங்கோ. நாளைக்கு ரெண்டையும் கொண்டு வாங்கோ, பிடிச்சதை எடுங்கோ” என்றார்.

அன்று மத்தியானமே மனைவியை அவளுடைய வெள்ளைச் சேலையைக் கட்டச் சொல்லி யன்னலோரம் இருத்தினேன். பக்கத்துக் கதிரையில் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டேன். உள்ளே இருட்டு, வெளியே மணல் கண்ணைக் கூச வைத்தது. இரண்டு கமராவிலும் ஒரே அளவு வைத்து ஒவ்வொரு படம் எடுத்தேன். முதலாவதில் யன்னல் வெறும் வெள்ளை, கோட்டு வெறும் கறுப்பு. இரண்டாவதில் சேலையின் பூவேலையும் தெரிந்தது, கோட்டின் பொத்தான்களும் தெரிந்தன. “இது உங்கட கலியாணக் கோட்டைவிட வடிவாக் கிடக்கு” என்று அவள் சீண்டினாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இராணுவ முகாம் இருந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று யாரும் பலகை நாட்டவில்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் பார்க்காமல் இருக்கப் பழகியிருந்தோம். கிணற்றடிக்குப் போனாலும் முகத்தை மறுபக்கம் வைத்துக்கொண்டுதான் நடப்போம். நாளடைவில் கண் தானாகவே அந்த இடத்தை விட்டுவிடும். அதனால்தான் பொத்தான் பார்த்த நாங்கள் இருவரும் யன்னலுக்கு வெளியே தெரிந்ததைப் பார்க்கவில்லை.

மறுநாள் மனைவியோடு டவுனுக்குப் போகும் பஸ்ஸில், ஆசைக்கு அந்தப் படத்தை இன்னொரு தடவை பெரிதாக்கினேன். யன்னல் கம்பிகளுக்கு அப்பால் முள்ளுக்கம்பி, மண்மூட்டை, காவலரண், அதற்குள் துவக்கோடு ஒருவன். முகாமைப் படம் எடுப்பது பெரிய குற்றம். அழிக்கும் பொத்தானைத் தேடுமுன் பஸ் சோதனைச் சாவடியில் நின்றுவிட்டது. விசாரணைக்கு என்று உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று எவராலும் சொல்ல முடியாத காலம் அது.

எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறக்கச் சொன்னார்கள். சிப்பாய் இரண்டு கமராவையும் எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனான். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மனைவியும் கேட்காமலே கூட வந்தாள்.

அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். இரண்டு கமராவையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்திருந்தார். “ஒரே பொம்பிள. ஒரே யன்னல். இதில முகாம் இல்ல, இதில இருக்கு. ஏன்?”

உயிருக்காக டைனமிக் ரேஞ்ச் விளங்கப்படுத்த வேண்டி வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. சேலைப் பூவேலையைக் காட்டினேன், கோட்டுப் பொத்தானைக் காட்டினேன், வெயிலைக் காட்டினேன். அரைகுறைச் சிங்களமும் தமிழும் கலந்து உளறினேன். அவர் அவசரப்படவே இல்லை. இரண்டு படத்தையும் மாறி மாறிப் பெரிதாக்கி, என்னைவிடப் பொறுமையாக ஒப்பிட்டார்.

“அப்ப இந்தக் கமரா எல்லாம் பாக்குது. இது கொஞ்சம்தான் பாக்குது.”

“ஓம் சேர்.”

“நீ எது வாங்குறது?”

மனைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குறைவாகப் பார்க்கிற கமராவைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரித்தார். மற்றதில் இருந்த படத்தைத் தன் கையாலேயே அழித்துவிட்டு, “ஹரி, யன்ன” என்றார். சிங்களத்தில் போகச் சொல்கிறார் என்று விளங்கியதும் இரண்டு கமராவையும் எடுத்துப் பையில் வைத்தேன்.

ஸ்ரூடியோ வாசலில் மனைவி என்னை நிறுத்தினாள். “அவன் கேட்டதுக்குச் சொன்னீங்கள், சரி. இஞ்ச ஆர் நிக்கினம்? நல்லதை எடுங்கோ.”

“திரும்பிப் போறதும் அந்த வழியாலதானே.”

“உங்களுக்குப் பயம்.”

“ஓம், பயம்தான்.”

நான் குறைவாகப் பார்க்கிற கமராவையே எடுத்ததும், ஸ்ரூடியோக்காரர் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்து, “உங்களுக்கென்ன விசரோ?” என்று கேட்டார். நான் காசை எண்ணிக் கொடுத்தேன். அவரிலும் கோபம், மனைவியிலும் கோபம், எல்லாவற்றையும்விட என்னிலேயே எனக்குக் கோபம்.

பின்னேரம் திரும்பி வரும்போது சாவடியில் அந்த அதிகாரி இல்லை. வேறொரு சிப்பாய் பஸ் படியில் ஏறி எட்டிப் பார்த்துவிட்டு, போகலாம் என்று கையைக் காட்டினான். ஒருவரையும் இறங்கச் சொல்லவில்லை, பையைத் திறக்கச் சொல்லவில்லை. நான்தான் எழும்பி நின்று, பையைத் திறந்து, வாங்கிய கமராவை அவனுக்குக் காட்டினேன்.