கொல்லிமலையில் புள்ளியாய் நின்ற நட்சத்திரங்கள்

தை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை. மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திருச்செங்கோட்டிலிருந்து கொல்லிமலைக்குக் கிளம்பினோம். காரை ஓட்டியவர் என் கணவர். பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது என் தொலைநோக்கி.

எங்கள் வானியல் குழுவில் எல்லோரும் என்னைவிட இளையவர்கள். "ஆட்டோகைடிங் சிக்கலானதுங்க அக்கா, நாங்க வந்து செட் பண்ணித் தர்றோம்" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். தொலைநோக்கியை மோட்டார் அவற்றோடு திருப்பும். ஆனாலும் சற்றுப் பிசகும். தொலைநோக்கியின்மேல் பூட்டிய சிறு கேமரா ஒரே நட்சத்திரத்தைக் கவனித்து, பிசகும்போதெல்லாம் மோட்டாரைத் திருத்த வேண்டும். அதுதான் ஆட்டோகைடிங். எங்கள் மொட்டைமாடியில் முயன்றபோதெல்லாம் நட்சத்திரங்கள் கோடுகளாகவே இழுபட்டன.

பேளுக்குறிச்சியில் சந்தைக் கூட்டம். அதைத் தாண்டி, காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் நாங்கள் தங்கிய வீட்டுக்காரர் நல்லம்மாள், மிளகும் மரவள்ளியும் பயிரிடுபவர். அவர் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். கருவியை நேர்ப்படுத்தத் துருவ நட்சத்திரம் தெரிய வேண்டும். இங்கே அது வடக்கே மிகத் தாழ்வாக இருக்கும். வடக்கிலோ வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள்.

"ஏனுங்கம்மணி, மேக்காட்டுல கெழங்கு புடுங்கியாச்சுங்க. அங்கிருந்து வடக்க ஒரு மறைப்பும் இல்லீங்க" என்றார் நல்லம்மாள்.

அங்கே மண் பொலபொலவென்றிருந்தது. முக்காலி புதையாமலிருக்க மூவரும் தட்டைக் கற்களைச் சுமந்துவந்து போட்டோம். இருட்டியதும் துருவ நட்சத்திரம் தெரிந்தது. நேர்ப்படுத்திவிட்டு மடிக்கணினியைத் திறந்தேன். பிசகைக் காட்டும் கோடு தாறுமாறாக எகிறியது. மீண்டும் தொடங்கினேன். மீண்டும் எகிறியது. கீழ்ச்சரிவில் பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது.

"அந்தப் பசங்களுக்கு ஒரு போன் போடட்டுமா, சுமதி?" என்றார் கணவர்.

"கொஞ்சம் பொறுங்க."

டார்ச்சை அடித்துத் தொலைநோக்கியை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். கேமராவின் கேபிள் முக்காலியின் திருகில் மாட்டி, திரும்பும்போதெல்லாம் பின்னுக்கு இழுத்தது. தலையிலிருந்த ரிப்பனை அவிழ்த்து, கேபிளைத் தூக்கிக் கட்டினேன்.

கோடு மெல்ல அடங்கிப் படுத்தது.

ஓரியன் நெபுலாவை நோக்கித் திருப்பிப் படமெடுத்தேன். ஐந்து நிமிடம் மூவரும் அசையவில்லை. திரையில் இளஞ்சிவப்பு மேகம் ஒன்று விரிந்தது. சுற்றிலும் நட்சத்திரங்கள் ஊசிமுனைப் புள்ளிகளாக நின்றன.

"இதெல்லாம் நம்ம காட்டுக்கு மேலயா சாமி இருக்குது?" என்று நல்லம்மாள் வானத்தை அண்ணாந்து பார்த்தார். சற்று நேரத்தில் பனி எங்களை மூடியது. மூடட்டும்.

காலையில் இறங்கி, அடிவாரத்தில் டீ குடிக்க நின்றோம். எங்கள் ஊர் வானத்தில் நட்சத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இனி அமாவாசைதோறும் இங்கேதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் அதிகம் பேசாத என் கணவர், டீ போடுபவரிடம் போனில் அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊட்டுக்காரி எடுத்ததுங்க. எல்லாம் அவளே பூட்டுனதுங்க."

காதில் விழாததுபோல் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை.