அஞ்சலைக்குச் சொல்லித் தராத வார்த்தை

உச்சி வெயிலில் உப்புப் பாத்தியின் வரப்பில் நின்றால் ஒரு சத்தம் கேட்கும். நீர் வற்றி உப்பு பூக்கும்போது அதன் மெல்லிய ஏடு விரிசல் விடுகிற சத்தம். யாரோ பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பது போலிருக்கும்; திரும்பினால் ஆள் இருக்காது. மரக்காணத்து உப்பளத்தில் வளர்ந்த எங்களுக்கு அது பழகியதுதான் என்றாலும், கண் கூசும் அந்த வெள்ளை வெளியில், நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும் நேரத்தில், தனியாக நடக்க யாரும் விரும்பியதில்லை.

என் அப்பா அங்கே மேஸ்திரி. நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், முழுப் பரீட்சைக்காக இங்கிலீஷ் வாத்தியார் பெஞ்சுக்கு ஒரு வார்த்தைப் பட்டியல் கொடுத்தார். முன்பெஞ்சுக்கு ஆஸ்பத்திரி, நடுபெஞ்சுக்கு ரயில் நிலையம், கடைசி பெஞ்சில் இருந்த எங்கள் மூவருக்குக் கோர்ட்டும் குற்றமும் தண்டனையும். எவ்வளவு உருப்போட்டும் தலையில் ஏறாததால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளி விடுமுறை நாட்களில், மத்தியானம், காலியாகக் கிடந்த உப்புக் கொட்டகையில் கோர்ட்டு நடத்தினோம். நான் ஜட்ஜ். மற்ற இருவரும் வக்கீலும் விட்னஸும். உள்ளே தமிழ் பேசக் கூடாது; பதில் பட்டியலில் உள்ள வார்த்தையாகவே இருக்க வேண்டும். மீறினால் உப்பு நீரில் வெறுங்காலோடு இறங்கி ஐம்பது எண்ண வேண்டும்.

அக்யூஸ்டாக நிற்கத்தான் யாருக்கும் மனமில்லை. அதற்கு அஞ்சலை வந்தாள். உப்புக் குவியல்களுக்குக் காவல் இருந்த கோவிந்தனின் மகள். ஐந்தாவதோடு நின்றுவிட்டவள், அப்பாவுக்குக் கூழ் கொண்டுவந்துவிட்டு, எங்கள் பட்டியலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். வார்த்தைகளைச் சொல்லித் தருவதாக இருந்தால் நிற்கிறேன் என்றாள். எங்களைவிடச் சீக்கிரம் கற்றாள். அக்யூஸ்டு, விட்னஸ், ஓத், எவிடென்ஸ், கில்ட்டி, பனிஷ்மென்ட், ஜெயில். பட்டியலில் கில்ட்டிக்கு அடுத்து இருந்த வரியை மட்டும் நான் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டேன். அக்யூஸ்டு தப்பித்துவிட்டால் ஆட்டம் முடிந்துவிடுமே.

ஒருநாள் அவளே கேட்டாள்: "செய்யலன்னா இன்னா சொல்லணும்?"

"அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல கெடையாது" என்றேன்.

அந்தக் காலத்தில் உப்பைக் குவித்ததும், எழுத்து செதுக்கிய மரப்பலகையைக் குவியலைச் சுற்றிலும் அழுத்தி முத்திரை வைப்பார்கள். எந்தப் பக்கம் ஒரு கைப்பிடி அள்ளினாலும் எழுத்து சரிந்துவிடும். மாலையில் முத்திரை வைக்கும்போதெல்லாம் அப்பா ஒன்றைச் சொல்லுவார்: "ஒரு எழுத்து கலைஞ்சிருந்தாலும் காவக்காரனத்தான் கேப்பேன்."

சித்திரை மாதத்தில் ஒரு காலை, குவியலின் உச்சிக்கு ஏறிச் சறுக்கி இறங்கினேன். வெறும் விளையாட்டு. கீழே வந்து திரும்பிப் பார்த்தபோது ஒரு பக்கம் முழுக்க எழுத்தே இல்லை. வரப்பில் கூழ்ச் சட்டியோடு அஞ்சலை நின்றிருந்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

அன்று மத்தியானமும் கோர்ட்டு கூடியது. பாதியில் கொட்டகையின் ஓலைத் தட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. அப்பாவின் செருப்பு. உப்பு இலாகாக்காரர்களோடு பழகியவர், எங்கள் அரைகுறை இங்கிலீஷ் அவருக்கு நன்றாகவே புரியும். அழிந்த முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். அப்போது நான் செய்ததை அவசரம் என்று சொல்ல மாட்டேன், யோசித்துத்தான் செய்தேன். அஞ்சலையைப் பார்த்து, "டிட் யூ பிரேக் தி சீல்?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரிந்தது. என்னையே பார்த்தாள். "நான்..." என்று தமிழில் தொடங்கினாள். நான் கட்டையால் தரையைத் தட்டி "நோ தமிழ்" என்றேன். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. கற்ற வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடினாள். மறுபடியும் தமிழில் வாயெடுத்தாள், மறுபடியும் தட்டினேன். மூன்றாவது முறை, மிக மெதுவாக, "கில்ட்டி" என்றாள்.

அப்பா உள்ளே வந்தார். கோவிந்தனைக் கூப்பிட்டார்.

"உன் பொண்ணே ஒத்துக்கிச்சு. இன்னும் இன்னா சொல்ற?"

"பசங்க ஆட்டமுங்க அது, மேஸ்திரி" என்ற கோவிந்தன் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயே சொல்லு. ஆட்டம்தான?"

பாத்திகளில் உப்பு விரிசல் விடுவது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

வெயில் தாழ்வதற்குள் காவல் வேலை பறிபோய், அவர்கள் சட்டி பானையோடு வரப்பு வழியாகக் கூனிமேட்டுப் பக்கம் போனார்கள். கடைசியில் போன அஞ்சலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அவள் உதடுகள் அப்போதும் அசைந்துகொண்டிருந்தன.

நான் பரீட்சையில் முதல் மார்க் வாங்கினேன். பிறகு சென்னையில் நாற்பது வருஷம் வக்கீலாக இருந்தேன். நான் மறைத்த அந்த வார்த்தையை யார் யாருக்காகவோ எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

கடல் ஊருக்குள் புகுந்த மார்கழிக்கு அடுத்த கோடையில், இரண்டாயிரத்து ஐந்தில், ஊருக்குப் போனேன். கொட்டகை இல்லை. முத்திரைப் பலகையை அறிந்தவர்கள்கூட இல்லை. குவியல்கள் மேல் இப்போது வெறும் ஓலை. உச்சி வெயில். ஆளில்லாத வரப்பில் ஒரு குரல் வந்தது: "அக்கிஸ்டு, விட்னசு, ஓத்து, எவிடன்சு, கில்ட்டி, பனிஷ்மண்டு, ஜெயிலு."

குவியலைச் சுற்றிப் போனேன். குவியலுக்கு அந்தப் பக்கம் நாலைந்து சிறுமிகள் வட்டமாக நின்று, ஆள் பிரிக்க விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஜெயிலு யார் மேல் விழுந்ததோ அவள் பாத்தியில் இறங்கி ஐம்பது எண்ண ஆரம்பித்தாள்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன்.

"எங்க அஞ்சல ஆயா" என்றாள் ஒருத்தி. எங்கே இருக்கிறார் என்றதற்குக் கிழக்கே கையைக் காட்டினாள். "கடலு வந்துச்சில்ல, அன்னிக்குப் போயிடுச்சு."

கில்ட்டிக்குப் பக்கத்தில் ஒரு வார்த்தை விட்டுப்போயிருக்கிறது, 'இன்னொசென்ட்', குற்றம் செய்யவில்லை என்று அர்த்தம் என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்க ஆயாவக் கேட்டோம் தாத்தா. அப்படி ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல கெடையாதுன்னு சொல்லிச்சு."

பாத்தியில் நின்ற சிறுமி இருபதைத் தாண்டியிருந்தாள். கணுக்காலில் வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது. அவளை மேலே வரச் சொல்லி, மீதியை நான் நின்று எண்ணுகிறேன் என்று செருப்பைக் கழற்றினேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"தாத்தா, நீங்க ஆட்டத்துலயே இல்லியே" என்றாள் அவள், எண்ணிக்கையை விடாமல்.