ஓட்டை அடைத்த தொட்டி

முப்பது வருஷமாக ரேடியேட்டர் வேலை பார்க்கிற மனுஷனுக்கு உலகத்தில் ஒரே எதிரிதான். ஒழுகல். வண்டி பட்டறைக்குள் வந்ததும் டிரைவர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். குனிந்து அடியில் ஈரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஓட்டையைக் கண்டுபிடித்து, ஈயம் வைத்து அடைத்து, வாய்வரைக்கும் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டும் கீழே விழாவிட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். தெருவே அவரை ரேடியேட்டர்காரர் என்றுதான் கூப்பிட்டது.

அவர் மனைவிக்கு இருந்த ஒரே பைத்தியம் ஜன்னலோரத்து ஆர்க்கிட் செடி. பூவின் நடுவில் செருப்பின் முன்பக்கம் மாதிரி ஒரு பை இருக்கும். செருப்புப் பூ என்பாள். அதை வாங்கி வந்த அன்றைக்கு, “காசு குடுத்து செருப்படி வாங்குறவ நீ ஒருத்திதான்” என்றார் இவர்.

“உங்களோட குடும்பம் நடத்தினவளுக்கு இது ஒரு பெரிய அடியா?” என்று சிரித்தாள்.

கல்லீரல் கெட்டு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, செடியில் மொட்டுத் தண்டு ஒரு விரல் நீளம் எழும்பியிருந்தது. “அது பூக்கறத நான் பாக்கணும். விட்டுடாதீங்க” என்றாள். எப்படித் தண்ணீர் விடுவது என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றத் தனக்கா தெரியாது என்ற தெனாவெட்டு.

உச்சியில் ஊற்றினார். ஊற்றின வேகத்தில் அடியில் கொட்டியது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தால் நாலு ஓட்டை. எவனோ தலையில் கட்டிவிட்டான் என்று வைதுகொண்டே, பட்டறைப் பசையால் நாலையும் அடைத்தார். அப்புறம் தினமும் வாய்வரைக்கும் ஊற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. மனசுக்குத் திருப்தி.

சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் கேட்பாள், “மொட்டு எப்படி இருக்கு?”

“ராஜா மாதிரி இருக்கு.”

பன்னிரண்டாம் நாள் இலையைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து, அழுகின நாற்றம். தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அதை விற்ற நர்சரிக்காரரிடம் ஓடினார்.

“என்னண்ணே இது, அடியில?”

“ஒழுகிச்சு. அடைச்சேன்.”

“ஒழுகறதுக்குத்தானண்ணே ஓட்டையே! நல்லவேளை, வண்டிக்கு ஊத்துற கூலன்ட்ட ஊத்தாம விட்டீங்க.”

“அவ ஆஸ்பத்திரியில இருக்கா” என்றார் ரேடியேட்டர்காரர். நர்சரிக்காரர் அதற்கப்புறம் கிண்டல் பண்ணவில்லை. சேறாகிப்போன வேர்களையெல்லாம் வெட்டி எறிந்தார். கெட்டியாக மிஞ்சினது ரெண்டே வேர். சின்னத் தொட்டியில் புது மரப்பட்டைத் துண்டுகள் போட்டு நட்டார்.

“மண்ணு ஆகாதுண்ணே, வேருக்கு காத்து வேணும். மேல லேசா காஞ்சதும் ஊத்துங்க. சுத்தமா காயவும் விடாதீங்க, தண்ணிய சேத்து வைக்க இதுக்கு கிழங்கு கிடையாது. ஓரமா ஊத்தணும். குருத்துல தேங்கினா போச்சு. வெளிச்சம் வேணும், சுள்ளுனு வெயில் படக்கூடாது.” கொஞ்சம் தயங்கினார். “மொட்ட வெட்டிடணும். ரெண்டு வேர வச்சு அதையும் சேத்து இது தாங்காது.”

“வெட்டலைன்னா?”

“பூ வந்தாலும் வரும். செடி போயிடும்.”

“அடுத்த தடவ எப்ப பூக்கும்?”

“ஒரு குருத்து ஒரு தடவைதாண்ணே. பக்கத்துல குட்டி வரணும், அது வளரணும். ரெண்டு வருஷம், மூணு வருஷம்.”

டாக்டர் அவளுக்குச் சொல்லியிருந்த கெடு வாரக் கணக்கு. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டிலோரம் உட்கார்ந்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

“ஓட்டைய அடைச்சீங்களா?” அவளுக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “வெட்டிடுங்க.”

“நீ பாக்கணும்னியே.”

“பாக்கணும்தான். செடி செத்துப்போச்சுன்னா, நாளைக்கு வந்து எங்கிட்ட எதப் பத்திங்க பேசுவீங்க?”

அன்றைக்கே வெட்டினார். மொட்டைக் கொண்டுவந்து அவள் தலைமாட்டில் டம்ளரில் வைத்தார். ஓரமா ஊத்தினேன், இலை நிமிந்திருக்கு, ஜன்னலுக்குத் துணி கட்டினேன் என்று அஞ்சு நாள் சொன்னார். அவளும் கேட்டுக்கொண்டாள். ஆறாம் நாள் காலையில் கேட்க அவள் இல்லை. டம்ளரில் மொட்டு பச்சையாகவே இருந்தது. விரியவில்லை.

செடி பிழைத்துக்கொண்டது. குட்டி வந்தது. மூன்றாம் வருஷம் ஒரு காலையில் குருத்துக்குள் மொட்டு தெரிந்தது. பார்த்தார். சட்டை மாட்டிப் பட்டறைக்குப் போனார். முதல் வண்டி நின்றுகொண்டிருந்தது.

“செடி மொட்டு விட்டிருக்குப்பா” என்றார் டிரைவரிடம்.

“அப்படியாண்ணே? வண்டிக்கு ஹோஸ் பைப்பும் மாத்தணுமா?”

“பாக்கறேன்” என்று சொல்லி வண்டிக்கு அடியில் குனிந்தவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.