விலாசம் எழுதாத சீட்டு

அந்த அம்மா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது கையில் ஒரு பிளாஸ்டிக் கவர் வைத்திருந்தார். அதற்குள் இன்னொரு கவர், அதற்குள் நாலாக மடித்த ஒரு காகிதம். மற்றவர்கள் மூக்குக் கண்ணாடிக்கும் பிரஷர் மாத்திரைக்கும் முண்டியடித்துக்கொண்டிருக்க, அவர் அந்த வரிசைகளைத் திரும்பியும் பார்க்காமல் நேராக என்னிடம் வந்தார். நான் உட்கார்ந்திருந்தது ஜெபக் குறிப்பு எழுதும் மேசை.

மைசூரில் உள்ள எங்கள் தமிழ்ச் சபை வருடத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போய், கொள்ளேகாலைத் தாண்டி மார்டள்ளிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இலவச மருத்துவ முகாம் நடத்தும். எங்கள் போதகரின் மனைவிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பார். பாஸ்டரம்மா என்றுதான் ஊரே கூப்பிடும். முகாமுக்கு வருகிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, மருந்து வாங்கியபின் தங்கள் கஷ்டத்தை ஒரு மேசையில் வந்து சொல்லலாம். அதைப் பச்சைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் ஒவ்வொன்றாக வாசித்து ஜெபிப்போம். எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் பக்தி காரணமில்லை. எங்கள் சபையின் இளவட்டங்களுக்குக் கன்னடம்தான் கைவரும். தமிழைப் பிழையில்லாமல் எழுதக்கூடியவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

"எம் புள்ள உங்க ஊர்லதானுங்க இருக்கறா" என்றார் அந்த அம்மா. "மேட்டகள்ளில தையல் கம்பெனி. ரெண்டு மாசமா போனு போக மாட்டேங்குது. அவங்கப்பன் கைகால் வெளங்காம கெடக்கறாரு, விட்டுப்போட்டு வர முடியலீங்க. கொஞ்சம் என்னன்னு பாருங்க அம்மிணி."

காகிதத்தைப் பிரித்து மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டார். மகள் எழுதிக் கொடுத்த விலாசம். வீட்டு எண், தெரு, பக்கத்தில் உள்ள மாவு மில் வரை எல்லாம் இருந்தது. என் சீட்டில் குறிப்புக்கு இருந்ததோ மூன்று வரி. நான் அழகாக எழுதினேன்: மகள் மைசூரில். இரண்டு மாதமாகத் தொடர்பு இல்லை. மகளின் சுகத்துக்கும் தாயின் சமாதானத்துக்கும். காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஆண்டவருக்குத் தெரியாத விலாசமா என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

"எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம் எழுதியாச்சும்மா."

அவர் அதுவரை பார்த்த மேசைகள் ரேஷன் கார்டுக்கும் பென்ஷனுக்கும் எழுதிக்கொள்ளும் மேசைகள். ஒருவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டால், நாளாகுமே தவிர, யாராவது வந்து பார்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. நிம்மதியாகப் போனார். மருந்து வாங்கக்கூட நிற்கவில்லை.

ஐந்து வெள்ளிக்கிழமை அந்தச் சீட்டை வாசித்தேன். வெறும் சடங்காக நாங்கள் ஜெபிக்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பாஸ்டரம்மா முழங்காலில் நின்று, முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காகத் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன். எங்கள் கோயிலிலிருந்து மேட்டகள்ளி ஆட்டோவில் பத்து நிமிடம். போய்ப் பார்க்கலாமே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆறாவது வாரம், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், கேட்டருகே அந்த அம்மா நிற்கிறார். கொழுந்தனாரை வீட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, கொள்ளேகாலில் பஸ் மாறி, முகாமில் நுழையும்போதே நாங்கள் கொடுத்த துணிப்பையில் இருந்த கோயில் பெயரைக் காட்டி விசாரித்து வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா அம்மிணி? எப்படி இருக்கறா?"

என் முகத்தைப் பார்த்து அவரே ஒரு பதிலைக் கண்டுபிடித்துக்கொண்டார். "கெடைக்கலீங்களா? ஊரு பெருசாச்சே."

பின்னாலேயே வந்த பாஸ்டரம்மா என்னிடம் திரும்பி, "அட்ரஸ் எங்க?" என்றார். அந்த அம்மாதான் கவரைப் பிரித்துக் காகிதத்தை நீட்டினார். அதை வாசித்த பாஸ்டரம்மாவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியாது. உடனே ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறினோம். "பேக போங்கண்ணா, பேக" என்று பாஸ்டரம்மா வழி நெடுக டிரைவரை விரட்டிக்கொண்டே வந்தார்.

மாவு மில்லுக்கு அடுத்த சந்து. வீட்டுக்காரப் பெண்மணி கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்: "மூணு திங்களா காய்ச்சல், இருமல்னு ரூம்லயே படுத்திருந்துச்சு. போனும் ஒடஞ்சு போச்சு. ஊருக்குச் சொல்லட்டுமான்னு கேட்டா, பேடா, வேண்டாம், அம்மா பயந்துக்கும், சரியானதும் நானே போறேன்னுச்சு. போன வாரம் மயங்கி விழுந்ததும்தான் பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தோம்."

காசநோய் முற்றியிருந்தது. பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில், இருபது வயதுப் பெண் ஒருத்தி அம்மாவை அடையாளம் கண்டு சிரித்தாள். நாலு நாள் இருந்தாள். நாலு நாளும் அந்த அம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. தலை வாரிவிட்டார், கஞ்சி ஊட்டினார், ஊரில் ஆடு குட்டி போட்ட கதையைச் சொன்னார். ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் நிலைமை வேறு என்று டாக்டர் எங்களைத் தனியே அழைத்துச் சொன்னார். சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, நன்றி சொல்லும் ஸ்தோத்திரப் பட்டியலில், "தாய் மகளைக் கண்டடைந்தாள்" என்று யாரோ சேர்த்திருந்தார்கள். பாஸ்டரம்மா அந்த வரியை அடித்தார். பிறகு மைசூர் விலாசம் உள்ள சீட்டுகள் வேறு இருக்கின்றனவா என்று என்னைக் கேட்டார். ஒரு சீட்டிலும் விலாசம் இல்லை. எழுதியவள் நான்தானே.

பாஸ்டரம்மா மாற்றலாகி வேறு ஊர் போய் வருடங்களாகிவிட்டன. இப்போது எங்கள் சீட்டில் விலாசத்துக்கு இடம் விட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை ஜெபம், சனிக்கிழமை இருவர் இருவராகப் போய்ப் பார்க்கிறோம். இந்த வருட முகாமில் நான் அந்த அம்மாவைத் தேடினேன். மழைக்காலத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். வருடா வருடம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். முடியாமல் திரும்பி வருவேன். இனிச் சொல்ல ஆளில்லை.

சொல்ல வேண்டியிருந்தது இதுதான். அந்தப் பெண் இறந்த அன்று சபை வேனில்தான் அவளை ஊருக்குக் கொண்டு போனோம். அவர்கள் வழக்கப்படி காட்டோரத்தில் அடக்கம் செய்தார்கள். பாஸ்டரம்மா வேனில் ஏறியாயிற்று. கடைசியாக நான் விடைபெறப் போனேன். அழுது அழுது குரலே போயிருந்த அந்த அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"அத்தாம் பெரிய ஊர்ல, வேலையப் போட்டுட்டு, நீங்களும் எத்தன நாளு அலஞ்சீங்களோ" என்றார். "எத்தன நாளு தேடுனீங்க அம்மிணி?"

"அஞ்சு வாரம்மா" என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.